சேதுக்காரரின் மூன்று கரைகள்

கடற்கரை என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் என் வாயில் எச்சில் ஊறுகிறது. ருசிக்காக அல்ல, துப்புவதற்காக. என் மகள் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் தொங்குகிறது. அதில் ஒரு மாதத்துக்கு நீலத் தண்ணீரும் வெள்ளை மணலும் ஒற்றைத் தென்னையுமாகப் படம் போட்டிருக்கிறார்கள். அந்தத் தாள் வந்தால் நான் திருப்பி மாட்டிவிடுவேன். மகளுக்குக் கோபம் வரும். வரட்டும்.

எல்லாம் அந்த ஆளால் வந்தது. அவருடைய பேர் எனக்குத் தெரியும், சொல்லத்தான் பிடிக்கவில்லை. ஊரில் சேதுக்காரர் என்பார்கள். காகிதத்தில் எழுதுவதால் மரியாதைக்கு ஒரு ‘அர்’ போடுகிறேன். வாயால் சொல்லும்போது போடுவதில்லை.

மோகனூருக்குப் பக்கத்தில், காவேரியிலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். நெல்லும் வாழையும் விளையும் மண். ஊரில் ஒருத்தரும் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் பண்ணாடி, அதாவது நாங்கள் வேலை செய்த நிலத்துக்காரர், திருச்சி வரைக்கும் போய் வந்தவர். அதற்கே அவரை மெத்தப் படித்தவரைப் போல நினைத்திருந்தோம். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தர் ‘நான் வருசா வருசம் ராமேசுரம் போறேன், கடல்ல கால் வெக்கறேன்’ என்று சொன்னால் அவர் காலில் விழாமல் என்ன செய்வார்கள்?

அவருடைய தொழில் இதுதான். செத்தவர்களை எரித்த பிறகு எலும்பைப் பொறுக்கி ஒரு சின்ன மண் கலயத்தில் போட்டு, வாயை மஞ்சள் துணியால் கட்டி அவரிடம் கொடுத்துவிட வேண்டும். தை அமாவாசைக்கு முன்னால் எல்லாக் கலயங்களையும் இரண்டு கூடைகளில் அடுக்கிக் காவடிபோலத் தோளில் காவு கட்டிக்கொண்டு கிளம்புவார். அக்கரை போய்க் கரூரில் ரயில் ஏறுவதாகப் பேச்சு. சேதுக் கடலில் கலயங்களை இறக்கிவிட்டு மாசி பிறக்கும்போது திரும்பி வருவார். பண்ணாடிமார் ஏன் தாங்களே போகவில்லை என்று கேட்கலாம். தண்ணீர் முறை, மாடு கன்று, அறுவடை என்று நூறு சாக்கு. போதாததற்கு, வழி நெடுக எலும்பைக் கீழே வைக்கக் கூடாது, கண்ணயரக் கூடாது, பழகாதவன் சுமந்தால் செத்தவனே பிடித்துக்கொள்வான் என்றெல்லாம் அவர் கிளப்பி விட்டிருந்தார். எல்லாருக்கும் பயம். அவருக்கு நெல், கம்பு, வேட்டி, வாழைத்தார் என்று ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

ஆனால் ஊர் அவருக்குப் படியளந்தது சுமப்பதற்காக அல்ல. திரும்பி வந்து கரையைப் பற்றிச் சொல்வாரே, அதற்காக.

அவர் கரை சொல்வதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் சாப்பிட வேண்டும். வயிறு நிறையாமல் ஒரு சொல் வராது. சாப்பிட்டு முடித்துக் கையை முழங்கை வரைக்கும் நக்குவார். ரசம் வழிந்த தாடியை வேட்டி முனையால் ஒற்றிவிட்டு அதே முனையால் மூக்கையும் துடைப்பார். சுண்டு விரல் நகம் நீளமாக, மஞ்சளாக, நெளிந்து கிடக்கும். அதை வைத்துப் பல்லிடுக்கில் நோண்டி எடுத்ததை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டு மறுபடி வாயிலேயே போட்டுக்கொள்வார். அப்புறம் வெற்றிலை. அது நன்றாக மசிந்து உதட்டோரம் சிவப்பாக ஒழுக ஆரம்பித்ததும், கண்ணை மூடிக்கொண்டு ‘கரை இருக்குதுங்க பாருங்க…’ என்று தொடங்குவார். பெண்டுகள் எல்லாம் சேலை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு கேட்பார்கள்.

கரை மூன்று என்பார் அவர். வெள்ளைக்கரை, செங்கரை, கருங்கரை.

வெள்ளைக்கரை பண்ணாடிமார்களுக்கு. பச்சரிசி மாவைச் சலித்துக் கொட்டினதுபோல மணல். காலை வைத்தால் ஒட்டாது. அலை ஓசை போடாது, வந்து பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கலயத்தைத் தாங்கி எடுத்துக்கொண்டு போகும். செங்கரை கடைக்காரர்களுக்கும் தறிக்காரர்களுக்கும். செம்மண் நிறத்தில் கெட்டியான மணல், சின்னச் சின்ன அலை, அங்கங்கே நிழல். கருங்கரை எங்களுக்கு. அது முழுக்கச் சேறு. அலையும் கிடையாது, மணலும் கிடையாது. கலயத்தை வைத்தால் அப்படியே அமிழ்ந்து அங்கேயே கிடக்கும்.

வெள்ளைக்கரைக்கு அரை நாள் சொல்லுவார். நண்டு நடப்பதை, சங்கு ஒதுங்குவதை, சூரியன் தண்ணீரிலிருந்து ஏறி வருவதைச் சொல்லிச் சொல்லிப் பண்ணாடிச்சிகளை அழவைப்பார். ஊருக்கு வெளியே எங்கள் குடிசைகள் இருந்த வளவுக்கு வந்தால் உட்காரக்கூட மாட்டார். வேலிப் படலுக்கு வெளியே நின்றபடி, ‘உட்டாச்சு, கருங்கரையில உட்டாச்சு’ என்று இரண்டு சொல்லோடு சரி. பண்ணாடி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோழி கொண்டுவருவார். அதையெல்லாம் திருச்செங்கோட்டுத் தேர்க்கடையில் வாங்கி வைத்திருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. எங்களுக்கு வயல் நத்தை ஓடு. ‘கருங்கரையில இதான் ஒதுங்குது’ என்று நீட்டுவார். நாள் முழுக்க வயலில் குனிந்து கிடக்கும் என் அம்மாவுக்கு வயல் நத்தையை அடையாளம் தெரியாதா? கேட்டேன். கடலிலும் நத்தை இருக்கும்தானே என்றாள்.

எங்கள் வளவில் அதற்கு முன்பெல்லாம் புதைப்பதுதான் வழக்கம். எரிக்க எங்களிடம் விறகு ஏது? இந்த ஆள் கரை சொல்ல ஆரம்பித்த பிறகுதான், கருங்கரையாவது கிடைக்கட்டும் என்று எங்கள் ஆட்களும் எரிக்கத் தொடங்கினார்கள். கூரையிலிருந்து கம்பை உருவிக்கூட எரித்தார்கள். பேச்சிலும் அந்தக் கரைகள் புகுந்துவிட்டன. வயலில் கை மெதுவாக ஓடினால் மேஸ்திரி, ‘கருங்கரைக்குப் போற நாயி, கைய வீசி நடு’ என்பான். எங்கள் பெண்டுகளே சண்டை என்று வந்தால் ‘உனக்குக் கருங்கரைகூடக் கெடைக்காதுடி’ என்று மண்ணை வாரித் தூற்றுவார்கள். பார்க்காத கடலில், இல்லாத கரையில், எங்களுக்கு என்று ஒரு சேற்றை ஒதுக்கி வைத்துவிட்டுப் போனார் அந்த மனுசன். சோற்றுக்காகப் பொய் சொல்கிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். பொய்யாகவே ஒரு கடலை உண்டாக்குகிறவன் அதில் எல்லாருக்கும் நல்ல கரையாகக் கொடுத்தால் அவன் குடும்பத்தில் என்ன குறைந்துவிடும்? இந்த ஒன்றைத்தான் என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை.

என் அப்பன் சேற்றிலேயே பிறந்து சேற்றிலேயே கிடந்தவர். காலையில் பண்ணாடியின் மயிலைக் காளையைப் பூட்டிக் கிணற்றில் கவலை இறைப்பார், வெயில் ஏறினால் நெல் வயலில் இறங்கிவிடுவார். இரண்டு கால் விரல் இடுக்கிலும் சேற்றுப்புண். அழுகி வெள்ளையாக வெடித்து, ஈ மொய்க்கும். அம்மா தினமும் பொழுதோடு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து வைப்பாள். விடிந்தால் மறுபடி சேறு. ஒரே ஒரு மாசம் காயவிட்டால் ஆறிவிடும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்த ஒரு மாசம் அவருக்கு வாய்க்கவே இல்லை. ஒரு ஐப்பசியில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். அதே ஐப்பசியில்தான் பண்ணாடியின் தகப்பனார், பெரிய பண்ணாடியும் போனார். இரண்டு கலயமும் ஒரே குயவர் சூளையில் வெந்தவை. இரண்டும் அந்தத் தையில் ஒரே காவில் போயின.

கொடுக்கும்போது அம்மா ஒரு காரியம் செய்தாள். மயிலைக் காளை அதற்கு முந்தின வருசம் செத்திருந்தது. அதன் கழுத்து மணிகளில் விரிசல் விட்ட பித்தளை மணி ஒன்றை, இனி எதற்கு என்று பண்ணாடி வீட்டில் அப்பனிடம் வீசியிருந்தார்கள். அதை அப்பன் கோவணக் கயிற்றில் கட்டிக்கொண்டே திரிவார். அந்த மணியைக் கம்பியில் கோத்துக் கலயத்தின் கழுத்தில் சுற்றி முறுக்கிவிட்டாள் அம்மா. சேதுக்காரர் முகத்தைச் சுளித்தார். இந்தக் கருமத்தை எதற்குக் கட்டுகிறாய் என்றார். ஆனாலும் கழற்றவில்லை. செத்தவர்கள் பொருளைத் தொடுவதற்குப் பயம். அவரிடம் இருந்த ஒரே பயம் அதுதான்.

மாசியில் திரும்பி வந்தவர் படலுக்கு வெளியே நின்று, கருங்கரையில் விட்டாச்சு என்றார். அம்மா அவர் காலுக்குக் கொஞ்சம் தள்ளி மண்ணில் உட்கார்ந்தாள்.

“கொஞ்சம் காஞ்ச எடமாப் பாத்து வெச்சிருக்கலாமுங்களே சாமி. அவியளுக்குச் சேத்துப்புண்ணுங்க.”

“கடலென்ன எங்கப்பன் ஊட்டுதா? அவனவனுக்குன்னு அளந்து வெச்சிருக்குது புள்ள. முட்டியளவு சேறு. அங்கதான் உடமுடியும், உட்டேன்.”

சொல்லிவிட்டு வெற்றிலைச் சாற்றை எங்கள் படலோரமே துப்பினார். அன்றைக்கு ராத்திரி அம்மா சோறு தின்னவில்லை. உயிரோடு இருந்தவரைக்கும் சேறு, செத்தும் சேறா என்று அதே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்து வந்த நாட்களில் எண்ணெயும் மஞ்சளும் குழைக்கும் நேரம் வந்தால் கை தானாகக் கிண்ணத்துக்குப் போகும். குழைத்துவிட்டு, வைப்பதற்குக் கால் இல்லாமல் உட்கார்ந்திருப்பாள்.

அம்மாவிடம் ஒரு பெட்டை ஆடு இருந்தது. மேச்சேரி ஆடு, செம்பட்டை நிறம், தளதளவென்று இருக்கும். வேறொருத்தர் ஆட்டை வாரத்துக்கு வளர்த்து, அது குட்டி ஈன்றதில் அம்மாவின் பங்காக வந்தது. அடுத்த தை வருவதற்குள் அதைப் பிடித்துக்கொண்டு போய் அந்த ஆளின் வாசலில் கட்டினாள். இந்த வருசம் போகும்போது என் புருசன் கலயத்தைச் சேற்றிலிருந்து எடுத்து, வெள்ளைக்கரைக்கு ஆசைப்படவில்லை, செங்கரை ஓரத்திலாவது வைத்துவிடுங்கள் என்று கேட்டாள். அவர் ஆட்டின் விலாவை அமுக்கிப் பார்த்தார். பல்லைப் பிடித்துப் பார்த்தார். பார்க்கலாம் என்றார்.

மாசியில் வந்து, தோண்டித் தோண்டிப் பார்த்ததாகவும், கலயம் ஆழத்தில் போய்விட்டதாகவும், இழுத்து இழுத்துக் கருங்கரையும் செங்கரையும் சேர்கிற இடம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டதாகவும் சொன்னார். இன்னும் கொஞ்சம்தான் பாக்கியாம். அடுத்த வருசம் ஒரு கிடாய் கேட்டார். அதற்கடுத்த வருசம் கோழிகள். ஆடு தின்ன ஆள் ஒவ்வொரு வருசமும் என் அப்பனைச் சாண் சாணாக நகர்த்திக்கொண்டிருந்தார். அம்மா முகம் ஒவ்வொரு மாசியிலும் கொஞ்சம் தெளியும். எனக்கு அந்தத் தெளிச்சலைப் பார்த்தால்தான் வயிறு எரியும். ஒரு தடவை கேட்டேவிட்டேன், அந்தாள் பொய் சொல்றான்னு உனக்குத் தோணலையா அம்மா என்று. தோணினால் அப்பன் சேற்றிலேயே கிடப்பார் இல்லையா என்றாள்.

இதற்கு நடுவில் எனக்குக் கல்யாணமாகி, நானும் வீட்டுக்காரரும் மேட்டூர் அணை வேலைக்குக் கல் சுமக்கப் போனோம். அங்கே கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்கு ஒரு கொட்டகையில் பள்ளிக்கூடம் நடந்தது. அதில் தண்ணீர் ஊற்றி வைக்கும் வேலையும் கிடைத்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே எழுத்தைப் பிடித்துக்கொண்டேன். வேலை முடிந்து ஊருக்குத் திரும்பினோம். அணையை மூடித் தண்ணீரை நிறுத்தினார்கள். அடுத்த கோடையில் எங்கள் பக்கத்துக் காவேரி, யாரோ உறிஞ்சிக் குடித்ததுபோல வற்றிப்போனது.

ஊருக்கு நேரே ஆற்றில் ஒரு மடு உண்டு. எந்தக் கோடையிலும் வற்றாத ஆழம். அந்த மடு விரால் மீன் என்றால் பண்ணாடி வீட்டில் சப்புக்கொட்டித் தின்பார்கள். வேறெங்கும் இப்படிக் கொழுத்த விரால் கிடைக்காது என்பார்கள். அந்த வருசம் மடு சுருங்கி முழங்கால் தண்ணீரானதும் எங்கள் ஆட்கள் மீன் துழாவ இறங்கினார்கள். மீனுக்கு விட்ட கையில் கலயம் வந்தது. ஒன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் குவியலாக. மஞ்சள் துணியெல்லாம் மக்கிப்போய், உள்ளே வண்டலும் எலும்பும். எங்கள் ஆட்களில் ஒருத்தர் அங்கேயே வாந்தி எடுத்தார். அந்த மடு மீனை எல்லாரும்தான் தின்றிருந்தோம்.

சேதுக்காரர் கரூர்ப் பக்கம் மச்சினி வீட்டில் ஒரு மாசம் தின்று தூங்கிவிட்டு வந்த கதையெல்லாம் பிறகு வெளியே வந்தது. அக்கரை போகிற வழியில் இந்த மடுவில் இரண்டு கூடையையும் கவிழ்த்துவிடுவாராம். அவர் ராமேசுரத்தைக் கண்டதே இல்லை. திருச்சியைக்கூடக் கண்டதில்லை.

சேதி பரவி ஊரே ஆற்றில் கூடிவிட்டது. பண்ணாடிமார் மடுவின் மேட்டில் நின்றார்கள். நாங்கள் எதிர்ப்பக்க மணலில், தள்ளி நின்றோம். சேதுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இன்றைக்கு இந்த ஆளை உரித்து உப்புக்கண்டம் போடப்போகிறார்கள் என்று நான் ஆசையோடு காத்திருந்தேன். சொல்லுவதற்கென்ன, ஆசையோடுதான்.

அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. காவேரி கடலுக்குத்தானே போகிறது, கடலின் வாசலில் விட்டேன், நடுவில் அணை கட்டித் தண்ணீரை மறித்தது நானா என்று கேட்டார். இரண்டொருவர் மண்டையை ஆட்டக்கூட ஆட்டினார்கள். எங்கள் பண்ணாடி மட்டும் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகம் கறுத்துக்கொண்டே வந்தது. ஏமாந்த கோபம் என்றுதான் நான் நினைத்தேன்.

“அதெல்லாங் கெடக்கட்டும். எங்கூட்டுதும் இவனுக ஊட்டுதும் ஒட்டுக்காவா போட்டே?”

கோபம் அதற்குத்தான். கடலுக்குப் போகவில்லை என்பதற்கு அல்ல, மடுவில் கிடந்தது என்பதற்கு அல்ல. எங்கள் எலும்போடு சேர்ந்து கிடந்தது என்பதற்கு. மேட்டில் நின்ற எல்லாருமே அப்போதுதான் கொதித்தார்கள். ஒருத்தர் கைத்தடியை ஓங்கிக்கொண்டு இறங்கினார்.

சேதுக்காரர் இரண்டு கையையும் காதில் வைத்துக்கொண்டார்.

“ஒட்டுக்காப் போடுவனுங்களா பண்ணாடி? மடுவுக்குள்ளயும் மூணு கரைதானுங்க. மேக்கால உங்குளுது, நடுவால கடைக்காரருது, கெழக்கால இவிங்குளுது. தண்ணி வத்துனதுல சரிஞ்சு கலந்துபோச்சுங்க. நான் வெச்சது எனக்குத் தெரியாதுங்களா? சொல்லுங்க, இப்பவே பிரிச்சுக் குடுத்தர்றேன்.”

ஓங்கின தடி இறங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மேட்டில் நின்றவர்கள் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். எத்தனை வருசம் ஏமாற்றினான் என்று தெரிந்து அரை நாள் ஆகவில்லை. அதற்குள் அவனையே மறுபடி நம்பினார்கள். அவர்களுக்கு எலும்பு கடலுக்குப் போவதைவிடப் பிரிவதுதான் அவசரம், அதை அந்த ஆள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். அவருடைய கெட்டிக்காரத்தனமெல்லாம் அதில்தான் இருந்தது. கடலை அறியாதவர்தான், ஆனால் யாருக்கு எந்தக் கரை வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மடுவில் இறங்கினார். கலயங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, முகர்ந்துபார்த்து, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்து, இது வெள்ளைக்கரை, இது கருங்கரை, இது செங்கரை என்று பிரித்துப் பிரித்து வைத்தார். சேற்றுக் கையால் நடுநடுவே மூக்கைச் சிந்திக்கொண்டார். எல்லாம் ஒரே சூளையில் வெந்த ஒரே மாதிரிக் கலயம். அவருக்கு ஒன்றும் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

அப்போதுதான் அந்த மணி வந்தது. பச்சைப் பாசி பிடித்து, கம்பி முறுக்கு அப்படியே, கலயத்தின் கழுத்தில் தொங்கியது. கட்டும்போது இந்தக் கருமம் எதற்கு என்று கேட்ட அதே ஆள் அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். மறந்துவிட்டிருந்தார். எங்களுடையது எதை அவர் நினைவில் வைத்தார்? பித்தளையைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“இது வெள்ளைக்கரைங்க. பெரிய பண்ணாடியுதுங்க.”

பண்ணாடி இறங்கி வந்து வாங்கினார். மணியைப் பெருவிரலால் தேய்த்தார். விரிசல் தெரிந்தது. மயிலையின் மணிதான், அப்பாவுக்கு அந்தக் காளை என்றால் உயிர், யாரோ பாசமாகக் கட்டி விட்டிருக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டே குலுங்கி அழுதார். கலயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சேறும் பாசியும் அவருடைய வெள்ளை வேட்டியில் வழிந்தது.

நான் வாயைத் திறந்துவிட்டேன். என் அப்பன் எலும்பு அது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்து கையில் குத்தியது. அவள் என்னைப் பார்க்கவில்லை. பண்ணாடியின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேசாத அம்முணி. போவட்டும்.”

அவ்வளவுதான் சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளைக்கரைக் கலயங்களைப் புதுத்துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டு போனார்கள். செங்கரைக்காரர்கள் தங்களுடையதை வாங்கிக்கொண்டார்கள். கருங்கரை என்று ஒதுக்கினதையெல்லாம் ஒரு குழி வெட்டித் தள்ளச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர்தான் வெட்டினார். பெரிய பண்ணாடி அதில் எந்தக் கலயத்தில் இருந்தாரோ, எங்கள் சனங்களோடு சேர்ந்து சேற்றுக்குள் போனார். மண்ணைத் தள்ளும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, அருவருப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. சரியாகப் பிரித்துக் கொடுத்ததற்காகச் சேதுக்காரருக்கு அன்று சாயங்காலமே ஒரு புது வேட்டி கிடைத்தது.

இந்தத் தடவை பண்ணாடி யாரையும் நம்பவில்லை. தானே கிளம்பினார். கலயத்தைக் கீழே வைக்காமல், மடியிலேயே வைத்துக்கொண்டு ராமேசுரம் வரைக்கும் ரயிலில் போனார். கூடப் போன அவருடைய மச்சான் பிறகு சொன்னார், தூக்கம் வந்தால் கிள்ளிக் கிள்ளி விழித்திருந்தாராம். கவலை ஓட்டிய ஆளுக்கு அப்படி ஒரு மரியாதை உயிரோடு இருந்தபோது கிடைத்ததில்லை.

அவர் திரும்பி வந்த அன்று ஊரே அவருடைய வாசலில் கூடியது. நாங்களும் வேலிக்கு வெளியே நின்றோம். சேதுக்காரரும் வந்திருந்தார், புது வேட்டியோடு, முன்வரிசையில், வாய் நிறைய வெற்றிலையோடு. கரை எப்படி இருந்தது என்று எல்லாரும் கேட்டார்கள். பண்ணாடி முகத்தைச் சுளித்தார்.

“கரை என்ன கரை. மீனு நாத்தம் கொடலப் பொரட்டுது. இந்தப்பக்கம் பாத்தாலும் அந்தப்பக்கம் பாத்தாலும் ஒரே கரைதான், முடியற எடமே தெரியல. நடுவுல ஒரு வரப்பில்ல, வேலியில்ல. ஆரு எவருன்னு இல்லாம ஒட்டுக்கா முழுகறாங்க. கருமமாப் போச்சு.”

எனக்கு உள்ளுக்குள் ஏதோ குதித்தது. ஒரே கரை. ஊரில் முதல்முறையாகக் கடலைப் பார்த்த மனுசன் வாயாலேயே வந்துவிட்டது. இனி இந்தக் கருங்கரைப் பேச்சு ஒழிந்தது என்று நினைத்தேன்.

சேதுக்காரர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். கடலைக் கண்டிராத அந்த ஆள், கண்டுவிட்டு வந்தவரைப் பார்த்துப் பரிவாகச் சிரித்தார்.

“பண்ணாடி நின்னது வெள்ளைக்கரைங்க. அதனாலதான் ஒண்ணாட்டத் தெரிஞ்சிருக்குது. செங்கரைக்கு இன்னும் தெக்கால போவோணும். கருங்கரை அதுக்கும் அக்கட்டால. அங்கயெல்லாம் நீங்க ஏனுங்க போறீங்க? முழுகுனவிங்க அத்தனை பேரும் உங்களாட்டம் பெரிய எடமாத்தான் இருந்திருப்பாங்க.”

பண்ணாடி அவரையே பார்த்தார். கொஞ்ச நேரத்தில் சுளிப்பு தளர்ந்தது. ஆமாமப்பா, அப்படித்தான் இருக்கும் என்றார். தன் கண்ணால் பார்த்ததை அந்த நிமிசமே அவர் கைவிட்டுவிட்டார். முகத்தில் வெளிச்சம் வந்தது. பண்ணாடிச்சி சேதுக்காரருக்கு இலை போடச் சொன்னாள். அவர் உள்ளே போகும்போது எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கப்புறமும் பல வருசம் அந்த ஊரில் அந்த ஆள் தின்றார், நக்கினார், கரை சொன்னார். செத்தபோது பண்ணாடி வீட்டுப் பெண்டுகள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

அன்றைக்குக் கூட்டம் கலையும்போது அம்மா நகரவில்லை. படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பண்ணாடி என்ன என்பதுபோலப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“மணலு காஞ்சு கெடந்துச்சுங்களா பண்ணாடி?”

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. விளங்காததால் உள்ளதையே சொல்லிவிட்டார்.

“காலு வெக்க முடியல புள்ள. பொரிகடலை வறுக்கற மணலாட்டம், அத்தனை காச்சல்.”

அம்மா கும்பிட்டாள். வளவுக்குத் திரும்பும் தடத்தில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். வாய்க்கால் வரப்பு வந்ததும் நின்று, சேற்றில் இறங்காமல் சுற்றிக்கொண்டு போகலாம் என்றாள். வீட்டுக்குள் நுழைந்ததும் மாடத்திலிருந்து அந்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள்.

“இந்நேரம் ஆறியிருக்கும்” என்றாள்.